முதல் அச்சு என்னும் நோய்

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பேரங்காடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பழம்பொருள் சந்தை கூடும். பழைய கைக்கடிகாரம், தபால்தலை, பீங்கான் சாமான் எல்லாவற்றுக்கும் நடுவே இசைத்தட்டும் விற்பார்கள். போன மாதம் அங்கே ஒரு தட்டைக் கையில் வைத்துப் பின்னட்டையைப் படித்துக்கொண்டிருந்தேன். எத்தியோப்பியாவின் வாலியாஸ் குழு 1977-இல் வெளியிட்ட 'ச்சே பெலெவ்'. (பெயர் நம் காதுக்குச் சலித்துக்கொள்வது போல இருக்கும். இசை அப்படி இல்லை.) நான் வைத்திருந்தது மறு அச்சு. பக்கத்தில் நின்றவர் எனக்குப் பழக்கமானவர், இருபத்தைந்து வருடமாகத் தட்டு சேர்ப்பவர். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இது ரீஇஷ்யூ. இதுக்குப் போய் ஏன் காச விடுற?"

"ஒரிஜினல் எங்க கிடைக்கும் அண்ணே?"

"தேடினா கிடைக்கும். உன்னோட மூணு மாசச் சம்பளம் ஆகும். முடியலன்னா வாங்காம இரு. இதெல்லாம் வாங்கி அடுக்கினா அத கலெக்‌ஷன்னு சொல்ல முடியாது."

அன்றிரவே புலனத்தில் ஒரு பட்டியல் அனுப்பினார். ரெகே, ஜாஸ், ஆப்பிரிக்க இசை மூன்றிலும் ஒரு சேகரிப்பாளர் வைத்திருக்க வேண்டிய ஐம்பது தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நிறுவனத்தின் பெயர், லேபிளில் அச்சாகியிருக்க வேண்டிய முகவரி, தட்டின் உள்வட்டத்தில் கீறியிருக்க வேண்டிய குறி, கடைசியாக விற்ற விலை. அந்த இசை எப்படி இருக்கும் என்று ஒரு வரி கிடையாது. யார் வாசித்தார், அந்த வாரம் அவருடைய ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது, அவருக்கு என்ன கிடைத்தது, ஒன்றும் இல்லை. வீட்டுத் தரகர் அனுப்பும் பட்டியலில்கூட 'காற்றோட்டமான வீடு' என்று ஒரு வார்த்தை இருக்கும்.

இந்தக் கட்டுரை அந்தப் பட்டியலுக்கு என் பதில். அண்ணன் படித்தால் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. அவர் ஒருவர் மட்டும் இப்படியில்லை. நான் தட்டு வாங்கத் தொடங்கிய இந்த ஐந்து வருடத்தில் சந்தித்த பெரியவர்களில் பாதிப்பேர் இதையே வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். நான் சொல்வது இதுதான்: இந்த மூன்று இசைகளைப் பொறுத்தவரை முதல் அச்சைத் தேடச் சொல்லும் பரிந்துரை தவறான பரிந்துரை. காதுக்கும் தவறு, காசுக்கும் தவறு. இசைத்தவருக்கு அது அநியாயம்.

என் கையில் இருந்த தட்டிலிருந்தே தொடங்குகிறேன். வாலியாஸ் குழுவின் கீபோர்டு கலைஞர் ஹைலு மெர்கியா. எழுபதுகளில் அடிஸ் அபாபாவின் ஹில்டன் ஹோட்டலில் இந்தக் குழு வாசித்தது. 1974-இல் பேரரசரைக் கவிழ்த்துவிட்டு டெர்க் என்ற ராணுவக் குழு ஆட்சிக்கு வந்தது. இரவில் ஊரடங்கு. வீட்டுக்குப் போக முடியாது என்பதால் கேட்க வந்தவர்கள் விடியும்வரை உள்ளேயே இருந்தார்கள், குழுவும் விடியும்வரை வாசித்தது. 'ச்சே பெலெவ்' தட்டைப் போட்டால் அந்த நேரம் கடத்தும் பொறுமை தெரியும். ஆர்கன் எதையும் அவசரமாகச் சொல்லாது. ஐந்து சுரப் பண்களில் அது சுற்றிச் சுற்றி வரும்போது நம்மவர்களுக்கு ஏதோ தெரிந்த ராகம் மாதிரி இருக்கும், ஆனால் பிடிபடாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் குழு அமெரிக்கா போனது. மெர்கியா உட்படச் சிலர் திரும்பவில்லை. 1985-இல் அங்கே தனியாளாக அக்கார்டியன், சிந்தசைசர், டிரம் மெஷின் வைத்து ஒரு கேசட் பதிவு செய்தார். பிறகு மெல்ல மேடை நின்றுபோனது. வாஷிங்டனில் டாக்சி ஓட்டினார். விமான நிலைய வரிசையில் பயணிக்காகக் காத்திருக்கும்போது, காரில் வைத்திருந்த கீபோர்டை எடுத்து வாசித்துப் பழகுவாராம். 2013-இல் பிரையன் ஷிம்கோவிட்ஸ் என்ற அமெரிக்கர், எத்தியோப்பியாவின் பஹிர் டார் நகரில் தமக்குக் கிடைத்த அந்தக் கேசட்டைக் கேட்டுவிட்டு, மெர்கியாவைத் தேடிப் பிடித்து, ஒப்பந்தம் போட்டு மறுபடி வெளியிட்டார். லாபத்தைக் கலைஞரோடு சரிபாதி பிரித்துக்கொள்வது அவருடைய 'ஆசம் டேப்ஸ் ஃப்ரம் ஆஃப்ரிக்கா' நிறுவனத்தின் முறை. அடுத்த வருடம் 'ச்சே பெலெவ்' மறு அச்சு வந்தது. மெர்கியா மீண்டும் மேடையேறினார். 2018-இல் 'லாலா பெலு' என்று புதிய தட்டே போட்டார், எழுபது வயதுக்கு மேல்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 1977-ஆம் வருடத்து அச்சு ஒன்று ஒரு சேகரிப்பாளரிடமிருந்து இன்னொருவருக்கு ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. அதில் மெர்கியாவுக்குப் போவது சைபர். பத்துத் தடவை கைமாறினாலும் சைபர். ஓவியர்களுக்காவது பிரான்சில் 1920-லேயே ஒரு சட்டம் வந்தது, ஓவியம் மறுபடி விற்கும்போது விலையில் ஒரு பங்கு வரைந்தவருக்கு என்று. இசைத்தட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. சந்தையில் என் கையில் இருந்த, 'கலெக்‌ஷன்னு சொல்ல முடியாத' அந்த மாதிரி மறு அச்சுதான் அவரை மறுபடி மேடைக்குக் கொண்டுபோனது. இதைத்தான் வாங்காதே என்கிறார் அண்ணன்.

"நாங்க சேர்க்கிறது சத்தத்துக்காக. முதல் அச்சு மாதிரி எதுவும் கேட்காது" என்பது அவர்களுடைய அடுத்த வாதம். நான் படித்தது மின்பொறியியல் என்பதால் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் வாய் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜாஸிலிருந்தே எடுப்போம். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. எல்லாப் பட்டியலிலும் முதலிடத்தில் இருப்பது, அண்ணன் பட்டியலிலும்தான். அந்த மார்ச் மாதப் பதிவின்போது ஸ்டூடியோவின் டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிவிடும். ஆகவே முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் உண்மையில் வாசித்ததைவிடக் கொஞ்சம் உயர்ந்த சுருதியில் அச்சாகின. கூட ஓடிய இன்னொரு இயந்திரத்தில் சரியான வேகத்தில் பதிந்திருந்த மாற்று டேப்பை வைத்து 1992-இல்தான் இதைத் திருத்தினார்கள். அதாவது, முப்பது வருடத்துக்கு மேல் உலகமே பிழையான சுருதியில் கேட்டது. கூடவே ட்ரம்பெட்டோ சாக்ஸபோனோ எடுத்து வாசித்துப் பழகியவர்களுக்கு மட்டும் ஏதோ இடித்திருக்கும். மைல்ஸ் அன்று வாசித்த சுருதி வேண்டுமென்றால் நீங்கள் வாங்க வேண்டியது திருத்திய மறு அச்சு. பிழையான முதல் அச்சுக்கு அதிக விலை கொடுப்பது தபால்தலைக்காரர்களின் பழக்கம். தபால்தலையை யாரும் கேட்பதில்லை.

2022-இல் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மொபைல் ஃபிடலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம், மூல டேப்பிலிருந்து நேராக வெட்டியது என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய உயர்விலைத் தட்டுகளில் பலவற்றுக்கு நடுவே ஒரு டிஜிட்டல் படி இருந்தது என்று ஒத்துக்கொண்டது. அதுவரை அந்தத் தட்டுகளைப் போட்டுக் கண்மூடி, "இதுதான் அனலாக், டிஜிட்டல்ல இந்த உயிர் வராது" என்றவர்கள் எத்தனை பேர்! நிறுவனம் செய்தது பிழைதான், அதற்கு வழக்கும் வந்தது. ஆனால் பல வருடம் ஒருவர் காதிலும் அது தட்டுப்படவில்லை. காது கேட்டது இசையை இல்லை, அட்டையில் எழுதியிருந்ததை.

ஜாஸில் என்னை நிஜமாகக் கோபப்படுத்துவது டீனா ப்ரூக்ஸ் விஷயம். டெனர் சாக்ஸபோன் வாசித்தவர். ப்ளூ நோட் நிறுவனத்துக்காக 1958-க்கும் 1961-க்கும் இடையில் தம் பெயரில் நான்கு தட்டுக்கான பதிவுகள் செய்தார். உயிரோடு இருக்கும்போது வெளிவந்தது ஒன்றே ஒன்று, 'ட்ரூ ப்ளூ'. 1974-இல், 42 வயதில் இறந்தார். அதற்கு முந்தைய பத்து வருடத்துக்கும் மேலாக அவர் பதிவே செய்யவில்லை. லீ மார்கன், சோனி கிளார்க், ஆர்ட் பிளேக்கி என்று பெரிய ஆட்களோடு 1958-இல் அவர் வாசித்த 'மைனர் மூவ்' முதன்முதலில் வெளிவந்தது 1980-இல், ஜப்பானில். அவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

'ட்ரூ ப்ளூ' முதல் அச்சு இன்று ஜாஸ் சந்தையில் மிக விலையுயர்ந்த தட்டுகளில் ஒன்று. அண்ணன் பட்டியலில் அதற்கு எதிரே இருந்த குறிப்பு: 'உள்வட்டத்தில் காது இருக்கணும்'. காது என்றால், ப்ளூ நோட்டுக்குத் தட்டு அச்சடித்துக் கொடுத்த ப்ளாஸ்டிலைட் ஆலையின் குறி. P எழுத்தைச் சாய்த்து எழுதியது பார்க்கக் காது மாதிரி இருக்கும். 1966-க்குப் பிறகு அந்தக் குறி வராது. பட்டியல் தேடச் சொல்லும் காது இந்த ஒரு காதுதான். அந்த மனிதர் ஒவ்வொரு வரியையும் யோசித்து, அழாமல் அழுவதுபோல வாசிப்பார் என்று யாராவது எழுதினால் என்ன? 2019-இல் ப்ளூ நோட் தொடங்கிய 'டோன் போயட்' வரிசையில் 'மைனர் மூவ்' வந்திருக்கிறது. மூல டேப்பிலிருந்து கெவின் கிரே வெட்டியது, சத்தமில்லாத நல்ல அச்சு. ஜாஸ் எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அதில் 'எவ்ரிதிங் ஹாப்பன்ஸ் டு மீ' என்ற மெதுவான பாடல் ஒன்று இருக்கிறது. இரவில் போடுங்கள்.

ரெகேவுக்கு வந்தால் முதல் அச்சு வாதம் இன்னும் அபத்தமாகிவிடுகிறது. கிங்ஸ்டனில் அறுபது எழுபதுகளில் தட்டு அச்சடித்தவர்களுக்கு எதுவும் தாராளமாகக் கிடைக்கவில்லை. பழைய தட்டை உருக்கி மறுபடி அச்சடித்ததும் உண்டு. லேபிள் கோணலாக ஒட்டியிருக்கும், ஓட்டை நடுவில் இருக்காது, இரைச்சல் இருக்கும். அந்தத் தட்டு வீட்டு அலமாரிக்காகச் செய்ததில்லை. சவுண்ட் சிஸ்டம் என்று அவர்கள் சொல்லும், தெருவில் ஆள் உயர ஸ்பீக்கர்களை அடுக்கி நடத்தும் ஆட்டத்துக்காகச் செய்தது. அதிலும் பெரிய சவுண்ட் சிஸ்டங்கள் பெருமையாகப் போட்டது 'டப் பிளேட்' என்ற லாக்கர் பூச்சுத் தட்டு. சில பத்துத் தடவை போட்டால் தேய்ந்துவிடும். உண்மையான 'ஒரிஜினல்' அதுதான் என்றால், அது அங்கேயே, ஆட்டத்திலேயே, தேய்ந்து முடிந்துவிட்டது.

மேலும், ரெகேயில் ஒரு பாட்டுக்கு ஒரு மூலம் என்பதே கிடையாது. 1967 வாக்கில் ஸ்டூடியோ ஒன்னில் 'ரியல் ராக்' என்று ஒரு வாத்திய இசை பதிவானது. அந்த பேஸ், டிரம் அடித்தளத்தை 'ரிதிம்' என்பார்கள். அதன்மேல் அன்றிலிருந்து இன்றுவரை எத்தனையோ பாடகர்கள் பாடியிருக்கிறார்கள், பேச்சுப்பாட்டுக்காரர்கள் பேசியிருக்கிறார்கள். ஒரு தட்டின் பின்பக்கத்தில் குரலை எடுத்துவிட்டு அதே பாட்டை 'வெர்ஷன்' என்று போடுவார்கள், அதன்மேல் அடுத்தவர் பாடுவார். இந்த மரபில் எதை முதல் என்பீர்கள்? ஓர் ஆற்றில் முதல் வாளித் தண்ணீரை ஏலம் விடுவது மாதிரி இருக்கிறது.

இந்த வெர்ஷனை ஒரு கலையாக ஆக்கியவர் கிங் டப்பி. சொந்தப் பெயர் ஆஸ்போர்ன் ரடக். என் துறைக்காரர் என்று உரிமை கொண்டாட ஆசை. ரேடியோ, மின்சாதனம் பழுது பார்ப்பவர், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவார், சவுண்ட் சிஸ்டங்களுக்கு ஆம்ப்ளிஃபையர் கட்டித் தருவார். கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் தம் வீட்டிலேயே ஒரு சிறிய அறையில், இன்னொரு ஸ்டூடியோ பயன்படுத்திக் கழித்த நான்கு தட மிக்ஸிங் மேசையை வைத்து வேலை செய்தார். அதில் ஒரு பெரிய குமிழ் இருந்தது, கீழ் அலைவரிசைகளைப் படிப்படியாக வெட்டும் வடிகட்டி. டப்பி அதை ஒரு வாத்தியமாக வாசித்தார். டிரம் மட்டும் இருக்கும், திடீரென்று ஒரு கிடார் துணுக்கு எதிரொலியோடு வந்து போகும், பேஸ் முழுக்கக் காணாமல் போய்த் திரும்பி வரும்போது நெஞ்சில் இடிக்கும். நாங்கள் பல்கலைக்கழக லேபில் ஃபில்டர் சர்க்யூட் கட்டி, அலைவடிவத்தைப் பார்த்து, ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துபோனோம். அதே சர்க்யூட்டை வைத்து இப்படி ஒன்று செய்யலாம் என்று எந்த விரிவுரையாளரும் சொல்லவில்லை. டப்பியை 1989-இல் அவர் வீட்டு வாசலில் யாரோ சுட்டுக் கொன்றார்கள்.

அவருடைய வேலையைக் கேட்க 'கிங் டப்பீஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' வாங்குங்கள். 1976, மெலோடிக்கா வாசித்த ஆகஸ்டஸ் பாப்லோவுடையது. இன்னொன்று, 1977-இல் லீ பெரி தம் வீட்டுக் கொல்லையில் இருந்த பிளாக் ஆர்க் ஸ்டூடியோவில் தயாரித்த 'ஹார்ட் ஆஃப் தி காங்கோஸ்'. உச்சக் குரலும் அதற்குக் கீழான குரல்களும், சுற்றிலும் தண்ணீருக்கடியில் நடப்பது போன்ற தாளம். ஐலண்ட் நிறுவனம் அதை வெளியிடவில்லை. ஜமைக்காவில் சில நூறு பிரதிகள் மட்டும் வந்தன. அந்தச் சில நூறைத்தான் அண்ணன் பட்டியல் தேடச் சொல்கிறது. 1996-இல் இங்கிலாந்தின் 'பிளட் அண்ட் ஃபயர்' வெளியிட்டது உட்பட மறு அச்சுகள் வந்திராவிட்டால், அது அந்தச் சில நூறு பேருக்குள்ளேயே முடிந்திருக்கும். உலகத்தில் பெரும்பாலோர் கேட்டது மறு அச்சு. அவர்கள் எல்லாரும் கேட்காதவர்களா?

அபிசீனியன்ஸ் மூவர் 1969-இல் 'சட்டா மசகானா' பாடலை ஸ்டூடியோ ஒன்னில் பதிவு செய்தபோது முதலாளி கோக்ஸன் டாட் அதை வெளியிடாமல் வைத்திருந்தார். 1971-இல் பாடகர்களே டேப்பை வாங்கித் தங்கள் சொந்த லேபிளில் போட்டார்கள். ரெகே உலகின் தேசிய கீதம் மாதிரி ஆகிவிட்ட பாட்டு அது. அப்புறம்தான் டாட்டுக்கு அதன் அருமை தெரிந்தது, தம் பங்குக்கு வெர்ஷன் மேல் வெர்ஷன் போட்டார். யார் பணம் போட்டார், யாருக்குப் பணம் போனது என்று தெரிந்துகொண்டு ஒரு தட்டை வாங்குவதும் சேகரிப்புதான். உள்வட்ட எண்ணை மனப்பாடம் செய்வதைவிட இது கஷ்டம்.

ஆப்பிரிக்கப் பகுதியில் அண்ணனிடம் ஒரு பொக்கிஷம் உண்டு. ஃபேலா குட்டியின் 'சோம்பி', நைஜீரிய அச்சு. ஒருமுறை வீட்டுக்குப் போனபோது காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் உறை. போடுங்களேன் என்றேன்.

"இதப் போடுறதில்ல தம்பி. ஊசி பட்டா கிரேடு இறங்கிடும்."

ராணுவச் சிப்பாய் உத்தரவு வந்தால் நடப்பான், நில் என்றால் நிற்பான், சொந்தப் புத்தி கிடையாது என்று கேலி செய்யும் பாட்டு அது. அது வெளிவந்த சூட்டிலேயே, 1977 பிப்ரவரி 18 அன்று, சுமார் ஆயிரம் சிப்பாய்கள் லாகோஸில் ஃபேலாவின் வீட்டை முற்றுகையிட்டு அடித்துக் கொளுத்தினார்கள். ஸ்டூடியோ எரிந்தது. அவருடைய தாய் ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டியை மாடி ஜன்னலிலிருந்து தூக்கிப் போட்டார்கள், அடுத்த வருடம் அவர் இறந்தார். நைஜீரியப் பெண்களைத் திரட்டிப் போராடிய பெரிய தலைவர் அவர். மகன் சவப்பெட்டியைக் கொண்டுபோய் ராணுவ ஆட்சியாளரின் இருப்பிடத்து வாசலில் வைத்துவிட்டு வந்தார், அதற்கும் ஒரு தட்டு போட்டார். இத்தனை விலை கொடுத்துப் பாடிய பாட்டு, இங்கே கிரேடு இறங்கிவிடும் என்று வாய் கட்டி உட்கார்ந்திருக்கிறது. இந்த ஃபேலா, பதிவு செய்து முடித்த பாட்டை மேடையில் மறுபடி வாசிக்க மாட்டேன் என்று சொன்ன ஆள் வேறு. அவருடைய தட்டுகள் சட்டபூர்வமாக, நல்ல அச்சில், திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கின்றன. ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு, பன்னிரண்டு நிமிடம் பதினைந்து நிமிடம் என்று போகும். குரல் வருவதற்கே பாதி நேரமாகும். அந்தக் காத்திருப்புதான் ஆப்ரோபீட்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. சேகரிப்பாளர்கள் தேடிப் போயிராவிட்டால் இந்த மறு அச்சே வந்திருக்காது. பல இடங்களில் மூல டேப் போய்விட்டது, தப்பிய தட்டிலிருந்துதான் மறுபடி எடுத்திருக்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேடிப் போனவர்களில் இரண்டு வகை உண்டு. லாகோஸ், அக்ரா, கொட்டனூ நகரங்களில் பெட்டி பெட்டியாக மலிவாக வாங்கி ஐரோப்பாவில் ஒவ்வொன்றாக விற்றவர்கள் ஒரு வகை. அவர்கள் போன பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே தங்கள் தாத்தா காலத்து இசை கிடைக்காமல் போனது. ஃபிராங்ஃபர்ட்டின் 'அனலாக் ஆஃப்ரிக்கா' மாதிரியானவர்கள் இன்னொரு வகை. அதை நடத்தும் சமி பென் ரஜப், இசைத்தவர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்து, உரிமை வாங்கி, அவர்கள் கதையை ஒரு சிறு புத்தகமாகத் தட்டோடு சேர்த்து வைக்கிறார். பெனின் நாட்டின் பாலி ரித்மோ குழுவை இப்படித்தான் 2008-இல் 'தி வோடூன் எஃபெக்ட்' என்று கொண்டுவந்தார். நாற்பது வருடத்துக்கு முன் வாசிக்கத் தொடங்கிய அந்தக் கிழவர்கள் அதற்கடுத்த வருடம்தான் முதன்முதலாக ஐரோப்பிய மேடை ஏறினார்கள். முதல் வகைக்காரர்களைக் கோடீஸ்வரராக்குவது பட்டியல். இரண்டாம் வகைக்காரர்களை 'ரீஇஷ்யூ பார்ட்டி' என்று சிரிப்பதும் அதே பட்டியல்.

எல்லா மறு அச்சும் நல்லது என்று நான் சொல்லவில்லை. நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஜாஸ் தட்டுகளில் ஒரு பகுதி ஐரோப்பாவின் சட்டச் சந்தில் பிறந்தவை. அங்கே பதிவுக்கான உரிமை முன்பு 50 வருடம்தான். 2013-இல் அதை 70 ஆக்கியபோது ஏற்கெனவே காலாவதியானவற்றுக்கு, அதாவது 1963-க்கு முன் வெளிவந்தவற்றுக்கு, அது பொருந்தவில்லை. ஆகவே யார் வேண்டுமானாலும் ஒரு சிடியிலிருந்துகூட எடுத்து 180 கிராம் தட்டாக அச்சடித்து விற்கலாம், கலைஞரின் குடும்பத்துக்கு ஒரு காசு தரத் தேவையில்லை. எடை கூடினால் சத்தம் கூடாது, தூக்கும்போது கை வலிக்கும், அவ்வளவுதான். தட்டு வாங்கும்போது நான் பார்ப்பது இரண்டு: எதிலிருந்து எடுத்தார்கள், யாரிடம் உரிமை வாங்கினார்கள். இந்த இரண்டும் பின்னட்டையில் எழுதியிருக்கவில்லை என்றால் வைத்துவிடுவேன்.

ஒரு சின்னத் தொழில்நுட்ப விஷயம், இதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. 33⅓ வேகத்தில் சுற்றும் பெரிய தட்டின் வெளிவிளிம்பில் ஊசியின் கீழ் பள்ளம் விநாடிக்குச் சுமார் 50 செண்டிமீட்டர் வேகத்தில் ஓடும். உள்வட்டத்துக்கு வரும்போது 21 செண்டிமீட்டர்தான். அதே இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்க வேண்டும், அதனால் கடைசிப் பாட்டு கொஞ்சம் கரகரக்கும். முதல் அச்சோ பத்தாம் அச்சோ, இதிலிருந்து தப்பிக்க முடியாது. எழுபதுகளின் பின்பாதியில் ஜமைக்காக்காரர்கள் பெரிய தட்டில் ஒரே ஒரு பாட்டை அதன் டப் வெர்ஷனோடு சேர்த்து 45 வேகத்தில் வெட்டத் தொடங்கினார்கள். பள்ளத்துக்கு அகலமும் வேகமும் கிடைத்தது, பேஸ் விரிந்து உட்கார்ந்தது. மூவாயிரம் வெள்ளிக்கு ஒரு முதல் அச்சைத் தேடுவதற்குப் பதில் நல்ல ஊசி ஒன்று வாங்கி, எடையைச் சரியாக வைத்து, இப்படி ஒரு 45-ஐப் போட்டுக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு தட்டு. 1974 ஜூன், கேப் டவுன். பியானோக் கலைஞர் டாலர் பிராண்ட், பிற்பாடு அப்துல்லா இப்ராஹிம், பியானோவின் சுத்தியல்களில் குண்டூசி குத்தி, ஓட்டைப் பியானோ மாதிரி ஒரு தகரச் சத்தம் வரவைத்து 'மானென்பெர்க்' வாசித்தார். பேசில் குட்ஸியாவின் சாக்ஸபோன். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. நகரின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியிலிருந்து நிறவெறி அரசு துரத்தியவர்களைக் கொண்டுபோய்க் கொட்டிய புறநகர்களில் ஒன்றின் பெயர் அது. தட்டை வெளியிட்டது பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. ஜோகன்னஸ்பர்க்கில் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளிக்காரர் ரஷீத் வாலி, 'தி சன்' என்ற தம் சிறிய லேபிளில் வெளியிட்டார். எண்பதுகளில் நிறவெறிக்கு எதிரான கூட்டங்களில் சனங்கள் சேர்ந்து எழுப்பும் இசையாக அது ஆனது. சோகமான விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லும் தாளம். நம் ஊர்த் தோட்டத்து லயங்களிலிருந்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள் வீட்டில் வளர்ந்த எவருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படாது. அண்ணன் பட்டியலில் இது 37-ஆம் இடம். எதிரே ஒரு விலை, ஒரு குறிப்பு: 'உறை கிழியாமல் இருந்தால் மட்டும்'.

என்னிடமும் ஒரு பழைய ஜமைக்கா அச்சு இருக்கிறது. ஏழு அங்குலம், பன்னிரண்டு வெள்ளி, உறையே கிடையாது, லேபிளில் யாரோ பேனாவால் கிறுக்கியிருக்கிறார்கள். இரைச்சலுக்கு நடுவே ஒரு பேஸ் வரும், அதற்காகவே வாரம் இரண்டு முறையாவது போடுகிறேன். நடுவில் ஓட்டை பெரிது. அதற்கென்று ஓர் அடாப்டர் வேண்டும், வேலையிடத்தில் முப்பரிமாண அச்சில் ஒன்று செய்துகொண்டேன். வரும் ஞாயிறு இந்தத் தட்டை அண்ணனிடம் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் கேட்கச் சொல்லப்போகிறேன். அடாப்டரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், அவரிடம் இருக்காது.